நருட்டோவின் ஊரில் நம் வீட்டுப் பெண்கள் – கொஞ்சம் வரலாறு



இன்றைய பதிவு நீளம். டீ போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள். சோழர் காலக் குடவோலை முறை பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன், அது அடுத்த மாதம். இந்த மாதம் ஜப்பான்.

காரணம் இதுதான். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த இரண்டு பேர், இப்போது அவர்களே பெற்றோர், ஒரே வாரத்தில் போன் செய்தார்கள். இருவருக்கும் ஒரே புகார். “டீச்சர், பொண்ணு ராத்திரி பூரா மொபைல்ல ஏதோ டைப் பண்றா. நருட்டோவாம். அந்தக் கதைக்குள்ள இவளா ஒரு ஆளைச் சேர்த்து எழுதுறா. அடுத்தவங்க கதையைக் காப்பி அடிக்கிறது தப்பில்லையா?”

பரீட்சையில் காப்பி அடிப்பது தப்பு. இது வேறு. இந்தப் பெண்கள் செய்வது பழைய தொழில், மரியாதையான தொழில். என் தங்கையின் பேத்தி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். இரண்டு வருடமாக அவள் தயவில் நானும் இதையெல்லாம் பார்த்து, படித்து வருகிறேன். வரலாறு சொல்லிக்கொடுத்த பழக்கம் விடுமா? இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது.

முதலில் தெரியாதவர்களுக்கு. அனிமே என்றால் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர். உங்கள் பிள்ளைகள் பார்க்கும் டோரேமான், ஷின்சானும் அதில் சேர்த்தி. மாங்கா என்றால் ஜப்பானியப் படக்கதை. பெரும்பாலான அனிமேக்கள் மாங்காவிலிருந்து வருபவை. ஒரு தொடரை விரும்பிப் பார்ப்பவர்கள் அதே மனிதர்களை, அதே ஊரை வைத்துத் தாங்களே எழுதும் கதைக்குப் பெயர் ஃபேன் ஃபிக்‌ஷன். ரசிகர் கதை என்று சொல்லலாம். அதில் மூலக்கதையில் இல்லாத ஒருவரைப் புதிதாக உருவாக்கி நுழைத்தால் அவர் ஒரிஜினல் கேரக்டர். பிள்ளைகள் ஓ.சி. என்பார்கள். அந்த ஓ.சி.யைச் சுற்றியே முழுக்கதையும் எழுதுவது இதில் ஒரு தனி வகை. கேலிக்கு ஆளாவதும் அந்த வகைதான். “நீ இல்லாத கதையில நீயே போய் உட்கார்ந்துக்கறியா?” என்று.

இதன் வேரைத் தேடினால் இன்டர்நெட்டுக்கு வெகு முன்னால் போக வேண்டும். நம்ம ஊர் தெருக்கூத்து போல ஜப்பானில் கபுகி என்ற நாடகம் உண்டு. எதோ காலத்தில் (இன்றைய டோக்கியோவின் பழைய பெயர் எதோ) கபுகி எழுதுபவர்களுக்கு இரண்டு சொற்கள் அடிப்படை. ஒன்று ‘செகாய்’, அதாவது உலகம். மற்றது ‘ஷுகோ’, புதிதாகச் சேர்க்கும் உத்தி. உலகம் என்பது ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கதைக்களம். அதில் யார் யார் இருப்பார்கள், யாருக்கும் யாருக்கும் பகை என்பதெல்லாம் பார்க்க வருகிறவர்களுக்கு அத்துப்படி. இந்த வருடம் எந்த உலகத்தை எடுப்பது என்று முடிவு செய்ய நாடகக் கொட்டகையில் ஒரு கூட்டமே போடுவார்கள். அந்தப் பழைய உலகத்துக்குள் எழுத்தாளர் என்ன புதிதாகக் கொண்டுவந்தார் என்பதில்தான் அவர் திறமை. முழுக்கச் சொந்தமாக ஒன்றை உருவாக்கு என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், கொஞ்சம் விரிவாகவே. 1701-இல் எதோ கோட்டைக்குள் ஒரு பிரபு, தன்னை அவமதித்த அதிகாரி மீது வாளை உருவிவிட்டார். அன்றைக்கே வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகும்படி அவருக்குத் தண்டனை. அவரிடம் இருந்த சாமுராய்கள் நாதியற்றவர்கள் ஆனார்கள். அவர்களில் 47 பேர் காத்திருந்து 1703 தொடக்கத்தில் அந்த அதிகாரியைக் கொன்று பழி தீர்த்தார்கள். இது 1748-இல் ‘சூஷிங்குரா’ என்று ஓசாகாவில் பொம்மலாட்டமாக மேடை ஏறியது. அரசாங்கத்துக்குப் பயந்து பெயர்களை மாற்றி, கதையை 14-ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளி வைத்தார்கள். விசுவாசத்துக்கு இலக்கணம் என்று நாடே கொண்டாடிய கதை. கபுகியிலும் சக்கைப்போடு போட்டது.

1825-இல் நான்காம் சுருயா நன்போகு என்ற நாடக ஆசிரியர் அந்த உலகத்துக்குள்ளேயே ஒரு புதுக்கதையைக் கொண்டுபோய் வைத்தார். பெயர் ‘யோட்சுயா கைதான்’. அதன் நாயகி ஓய்வா. யோட்சுயா என்ற பகுதியில் வழங்கிவந்த ஒரு பெண் ஆவியின் கதையை எடுத்து, அவளை சூஷிங்குராவின் ஓரத்தில் குடியேற்றிவிட்டார். அவள் கணவன் இயெமோன், இறந்துபோன அந்தப் பிரபுவின் ஆட்களில் ஒருவன். ஆனால் 47 பேரில் ஒருவன் இல்லை. வேலை போய், குடை ஒட்டிப் பிழைக்கிறான். வீட்டில் வறுமை. ஓய்வா பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பணக்காரர் எதிரி பிரபுவின் ஆள். அவர் பேத்திக்கு இயெமோன் மேல் ஆசை. பத்திய மருந்து என்று சொல்லி ஓய்வாவுக்கு விஷத்தை அனுப்புகிறார்கள். அவள் முகம் சிதைகிறது, தலைவாரும்போது முடி கொத்துக் கொத்தாக வருகிறது. சாகிறாள், ஆவியாக வந்து வஞ்சம் தீர்க்கிறாள்.

முதன்முதலில் இதை எப்படி மேடை ஏற்றினார்கள் தெரியுமா? சூஷிங்குராவையும் இதையும் இரண்டு நாளாகப் பிரித்து, மாற்றி மாற்றி. இங்கே விசுவாசம், வீரம், புகழ். அங்கே அதே எஜமானர் செத்ததால் நடுத்தெருவுக்கு வந்த ஒரு வீட்டில் பச்சை உடம்புக்காரியின் கதி. 47 பேரின் கதையைக் கொண்டாடியவர்கள் மறுபக்கத்தையும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. மூலக்கதையில் ஓய்வா என்று யாரும் கிடையாது. அப்படிச் சேர்த்த ஒரு பெண் 200 வருடம் தாக்குப் பிடித்திருக்கிறாள். அவள் நாடகத்தை நடத்துகிறவர்களும் படம் எடுக்கிறவர்களும் டோக்கியோவில் அவள் பெயரில் உள்ள கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு ஆரம்பிப்பது வழக்கம். 2006-இல் ‘அயகாஷி’ என்ற அனிமே தொடரிலும் அவள் கதை வந்தது. அதில் கதை சொல்லியாக வருவது நன்போகுவேதான்!

இன்னொரு உதாரணம் சுருக்கமாக. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாகி ஷிகிபு என்ற அம்மையார் எழுதிய ‘கெஞ்சி கதை’ ஜப்பானின் தலைசிறந்த காவியம். 1829 முதல் 1842 வரை ரியூதே தனெஹிகோ அதைத் தழுவி, வேறு காலம், வேறு நாயகன் என்று மாற்றி, படங்களோடு பாகம் பாகமாக வெளியிட்டார். தலைப்பிலேயே ‘போலி முராசாகி’ என்று தானே போட்டுக்கொண்டார். ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். கடைசியில் அரசாங்கம் தடை போட்டதால் பாதியில் நின்றது.

நமக்கு இது புதிதா என்ன? மதுரையை ஆண்ட அல்லியைத் தெரியாத பாட்டி உண்டா? அல்லி அரசாணி மாலை படிக்கக் கேட்டு வளர்ந்தவள் நான். வியாசர் பாரதத்தில் தேடிப் பாருங்கள், அல்லி என்ற பெயரே இருக்காது. அர்ச்சுனனை ஆட்டிவைக்க நம் ஊர்க்காரர்கள் அனுப்பி வைத்த ஓ.சி. அவள்! சரி, ஜப்பானுக்கே திரும்புவோம்.

1885-இல் ஓசாகி கோயோ முதலிய இளைஞர்கள் கென்யூஷா என்று ஒரு சங்கம் வைத்து, தங்களுக்குள் ஒரு பத்திரிகை நடத்தினார்கள். முதலில் கையெழுத்துப் பிரதியாகத்தான் சுற்றியது. அதன் பெயரில் உள்ள ‘கராகுத்தா’ என்ற சொல்லுக்குத் தட்டுமுட்டுச் சாமான் என்று பொருள். ஒத்த ரசனை உள்ளவர்கள் கைக்காசு போட்டு நடத்தும் இப்படிப்பட்ட பத்திரிகைக்கு ஜப்பானில் தோஜின்ஷி என்று பெயர். இலக்கியத்தில் ஆரம்பித்த வழக்கம், பிறகு மாங்கா ரசிகர்களிடம் வந்தது. 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவில் ஒரு சிறிய அரங்கில் ரசிகர்களே சேர்ந்து முதல் ‘காமிக் மார்க்கெட்’ நடத்தினார்கள். 32 குழுக்கள், சுமார் 700 பேர். வந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி மாணவிகள். நடத்தியவர்களில் ஒருவரான யோனெசாவா யோஷிஹிரோவுக்கு அப்போது வயது 22. 2019 டிசம்பரில் அதே சந்தை நான்கு நாள் நடந்தபோது வந்தவர்கள் 7,50,000. யோனெசாவா 2006-இல் காலமானார். அவர் சேர்த்து வைத்த புத்தகங்களைக் கொண்டு மெய்ஜி பல்கலைக்கழகம் 2009-இல் ஒரு நூலகமே திறந்தது. ‘கார்ட்காப்டர் சகுரா’ வரைந்த கிளாம்ப் குழுப் பெண்கள் தோஜின்ஷியில் கைபழகி வந்தவர்கள்தான்.

இப்போது கேலி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அது ஜப்பானில் பிறக்கவில்லை, அமெரிக்காவில் பிறந்தது. 1966-இல் ‘ஸ்டார் டிரெக்’ தொடர் டிவியில் வந்தது. அடுத்த ஆண்டே ரசிகைகள் ‘ஸ்பாக்கனேலியா’ என்ற ரசிகர் பத்திரிகையைக் கொண்டுவந்தார்கள். எப்படி? ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் எடுத்து! காலாண்டுத் தேர்வு வினாத்தாளுக்கு நாங்கள் கை நிறைய மை பூசிக்கொண்டு உருட்டிய அதே முறை. இதுபோன்ற பத்திரிகைகள் பெருகின. எழுதியவர்களில் பெண்கள் மிக அதிகம். அந்தத் தொடரிலோ பெண்களுக்கு உருப்படியான இடம் மிகக் குறைவு. அதனால் விண்கலத்தில் புதிதாக வந்து சேரும் ஓர் இளம்பெண்ணைப் பலரும் எழுதினார்கள்.

அதைக் கிண்டல் செய்து 1973-இல் பாலா ஸ்மித் என்பவர் ‘மெனாஜரி’ என்ற ரசிகர் பத்திரிகையில் ஒரு குட்டிக்கதை எழுதினார். நாயகி மேரி சூ. வயது பதினைந்தரை, படையிலேயே இளைய லெப்டினன்ட். எல்லாம் தெரியும், எல்லோரையும் காப்பாற்றுவாள், கடைசியில் எல்லோரும் அழ அழச் செத்துப்போவாள். நல்ல நகைச்சுவைதான், நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எந்தப் பெண் பாத்திரத்தைப் புதிதாக எழுதினாலும் “மேரி சூ!” என்று முத்திரை குத்த ஆரம்பித்தார்கள். கமில் பேகன்-ஸ்மித் என்ற ஆய்வாளர் ரசிகைகளோடு பழகி 1992-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்த முத்திரைக்குப் பயந்து சிலர் பெண் பாத்திரம் எழுதுவதையே தவிர்த்தார்கள் என்று அதில் பதிவு செய்திருக்கிறார். ஒரு கேலிச்சொல் என்ன வேலை செய்திருக்கிறது பாருங்கள்.

நம் சினிமா நாயகன் ஒரே அடியில் பத்துப் பேரைப் பறக்க விடுகிறான், விசில் அடிக்கிறோம். நருட்டோவையே எடுத்துக்கொள்ளுங்கள். பரீட்சையில் தோற்கும் அநாதைப் பையன். போகப்போகப் பார்த்தால் ஊர்த் தலைவரின் மகன், உடம்புக்குள் ஒன்பது வால் நரி, கடைசியில் உலகத்தையே காப்பாற்றுகிறான். அவனை யாரும் மேரி சூ என்று சொல்வதில்லை. பதினாலு வயதுப் பெண் எழுதினால் மட்டும் சிரிப்பு வந்துவிடுகிறது.

சிரிப்பு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஒரு குடும்ப விசேஷத்தில் என் தங்கை பேத்தியின் போனைப் பிடுங்கி, அவள் எழுதியதைப் பந்தியில் சத்தமாகப் படித்துக் காட்டினார் ஒரு பெரிய மனிதர். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மூன்று மாதம் ஒரு வரி எழுதவில்லை. யார் என்று சொல்ல மாட்டேன். அவரும் இதைப் படிப்பார்.

இன்டர்நெட் வந்தபின் கதை வேகம் எடுக்கிறது. ஜப்பானில் ‘யுமே’ கதைகள் என்று ஒரு வகை பரவியது. யுமே என்றால் கனவு. படிக்கும் முன் ஒரு கட்டத்தில் உங்கள் பெயரைத் தட்டினால், கதையில் வரும் புதுப்பெண்ணுக்கு அந்தப் பெயரே வந்துவிடும். அமெரிக்காவில் 1998-இல் ஃபேன்ஃபிக்‌ஷன் டாட் நெட் ஆரம்பித்தது. அங்கே அனிமே, மாங்கா பிரிவில் வருடக்கணக்காக முதலிடம் நருட்டோவுக்குத்தான்.

ஏன் நருட்டோ? மசாஷி கிஷிமோட்டோ 1999 முதல் 2014 வரை வாரப் பத்திரிகையில் வரைந்தது, மொத்தம் 700 அத்தியாயம். அவர் கதையோடு சேர்த்து ஒரு பூகோளத்தையே தந்துவிட்டார். ஐந்து பெரிய நாடுகள், ஒவ்வொன்றிலும் மறைந்திருக்கும் ஒரு நிஞ்ஜா கிராமம், நடுவில் மழை கிராமம், புல் கிராமம் என்று பெயரோடு நின்றுவிட்ட சின்ன ஊர்கள். நிழலை வைத்து வித்தை செய்யும் நாரா குலம், பூச்சிகளை உடம்பில் வளர்க்கும் அபுராமே குலம். பள்ளி முடித்ததும் மூன்று பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று குழு. இவ்வளவு விதிமுறை இருந்தால் புதிதாக ஒருத்தி எங்கே பிறக்கலாம், எங்கே படிக்கலாம் என்று யோசிப்பது சுலபம். டிவிக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். முதல் தொடர் 220 எபிசோடு. மாங்காவைத் தாண்டி ஓடிவிடக்கூடாது என்று கடைசிப் பகுதியில் வாரக்கணக்காக மாங்காவில் இல்லாத கதைகளையும் ஆட்களையும் சேர்த்தே ஓட்டினார்கள். கம்பெனி செய்தால் எபிசோடு, பிள்ளை செய்தால் காப்பியா?

தங்கை பேத்தி எழுதும் கதையைப் பற்றிச் சொல்ல அவளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். நாயகியின் பெயரை மட்டும் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம். நருட்டோ குழு முதன்முதலாக வெளிநாடு போகும் பகுதி அலை நாட்டில் நடக்கிறது. காட்டோ என்ற கப்பல் முதலாளி அந்தத் தீவின் கடல் வழியை முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு ஊரையே பட்டினி போடுகிறான். எதிர்த்துப் பேசிய ஒருவரை ஊர் பார்க்கக் கொன்றுவிட்டான். தசுனா என்ற கிழவர், தீவிலிருந்து நிலத்துக்கு ஒரு பாலம் கட்டுகிறார். அது முடிந்தால் காட்டோவின் பிடி போய்விடும். பயத்தில் வேலையாட்கள் கழன்றுகொள்கிறார்கள். அப்படி ஒரு தொழிலாளி “நான் நின்னுக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போவதாக ஒரு சின்னக் காட்சி வரும். கதை அவரை அத்தோடு விட்டுவிட்டு சண்டைக்குப் போய்விடுகிறது. முடிவில் பாலத்துக்கு நருட்டோவின் பெயரை வைக்கிறார்கள்.

நம் பெண்ணின் ஓ.சி. அப்படி வேலையை விட்டு வந்த ஒருவரின் மகள். நிஞ்ஜாவும் இல்லை, வித்தையும் தெரியாது. அப்பா வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அம்மா பேசுவதில்லை. வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் இவளோடு விளையாட வருவதில்லை. பாலம் முடிந்து ஊரே கொண்டாடும்போது இவர்கள் அதில் கால் வைக்கலாமா என்பதுதான் கதை. பதினாலு வயதுக் குழந்தை இதைக் கேட்டிருக்கிறது! இதை எழுதும்போது என்னிடம் வந்து கேட்ட கேள்விகள் வேறு: “பாட்டி, ஒரு பாலத்துக்கு எத்தனை பேர் வேணும்? ஊர்லயே காசு இல்லைன்னா கூலி யார் குடுப்பா?” பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது என்று எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். கூலியைப் பற்றி என் வகுப்பில் ஒருவரும் கேட்டதில்லை.

அவள் சூஷிங்குராவைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் செய்தது நன்போகு செய்ததுதான். புதிதாக ஒருவரை உள்ளே கொண்டுவந்தால், மூலக்கதை பேசாமல் விட்ட இடத்தில் போய் நிற்க முடிகிறது. இருக்கிற பாத்திரத்தை வைத்துக்கொண்டு இது நடக்காது. நருட்டோவைக் கொண்டுபோய் அந்த வீட்டில் உட்கார வைத்தால் அவன் பாட்டுக்கு எழுந்து சண்டைக்குப் போய்விடுவான். அதோடு, ஓ.சி.க்கு அப்பா அம்மா, ஊர், சாப்பாடு, பயம் எல்லாம் எழுதுகிறவரே யோசிக்க வேண்டும். மூலத்திலிருந்து இரவல் கிடைக்காது. கட்டுரைப் பயிற்சிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

‘ட்ரீமிங் ஆஃப் சன்ஷைன்’ என்று ஒரு நருட்டோ ரசிகர் கதை இந்த வட்டாரத்தில் ரொம்பப் பிரபலம். நூறு அத்தியாயத்துக்கு மேல் போகிறது. நம் உலகத்தில் இறந்த ஒருத்தி, நாரா குலத்துச் ஷிகாமாருவுக்கு இரட்டைச் சகோதரியாக, ஷிகாகோ என்ற பெயரில் பிறக்கிறாள். பின்னால் நடக்கப்போவது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கையைப் பிசைகிறாள், ஏனென்றால் இவள் ஒன்றைத் தொட்டால் வேறொன்று மாறிவிடுகிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஷிகாகோவை வைத்து வேறு பலர் தனித்தனியாகக் கதை எழுதியிருக்கிறார்கள். கிஷிமோட்டோ வரையாத பெண்ணுக்கு ரசிகர் கதைகள்!

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. நான் படித்ததில் பாதிக்கு மேல் சுமார்தான். வானவில் நிறக் கண், ஏழு வித்தை, எல்லோருக்கும் இவள் மேல் காதல். ஓ.சி. வந்ததும் மற்றவர்களெல்லாம் முட்டாளாகிவிடுவார்கள். அது கைபழகும் காலத்துக் கோணல் எழுத்து. ஒன்றாம் வகுப்பில் நீங்கள் போட்ட ‘அ’வை உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். எழுத எழுதத்தான் நேராகும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தத் தளங்களில் பெரியவர்களுக்கான கதைகளும் இருக்கின்றன. ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற தளத்தில் ஒவ்வொரு கதைக்கும் மேலே எந்த வயதினருக்கு ஏற்றது என்று குறிப்பு இருக்கும். 13 வயதுக்குக் கீழே கணக்குத் தொடங்கக் கூடாது. சொந்தப் பெயர், பள்ளிப் பெயர், போட்டோ எதையும் போடாமல் புனைபெயரில் எழுதச் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் போன் வேண்டாம் என்பதில் நான் உங்கள் பக்கம்தான்.

போன் செய்த இருவருக்கும்: இன்று சாப்பிடும்போது மகளிடம் அந்தப் பெண்ணின் பெயர் என்ன, எந்த ஊர், அவள் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். பதிலுக்கு அரை மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். கதை தமிழில் இருந்து, அவளுக்கும் சம்மதம் என்றால் எனக்கு அனுப்பி வையுங்கள். ஒற்றுப்பிழை மட்டும் திருத்தித் தருகிறேன்.